குதிக்கக் கூடாத வீடு

பள்ளிமுனை ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு மாதா கோயில் மண்டபத்தில் கராத்தே பழக்கும் கிறேஸுக்கு, அம்மா செத்த நாளிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. கிணற்றடியில் வழுக்கி விழுந்த அம்மாவுக்குத் தொடை எலும்பு உடைந்தது. படுத்த படுக்கையிலிருந்து எழும்பவேயில்லை. சளி நெஞ்சைக் கட்டிப் போய்ச் சேர்ந்தார். அம்மாவின் தாயும் அப்படித்தான் போனவர். "உங்கட பரம்பரைக்கு எலும்பெல்லாம் அப்பளம்" என்று செத்த வீட்டிலேயே ஒரு சித்தி சொன்னது கிறேஸின் காதுக்குள் கிடந்து குடைந்தது.

அடிக்க அடிக்க எலும்பு இறுகும் என்று அவள் நம்பினாள். வீட்டு வளவில் பனங்குற்றி ஒன்றை நட்டு, பழைய வலைக்கயிறு சுற்றி, கிழமையில் இரண்டு மூன்று நாள் கைவிரல் முட்டியால் குத்துவது அவள் வழக்கம். ஆனால் முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை துக்க வீட்டில் அப்படிச் சத்தம் கேட்கலாமா?

"பெட்டிக்கு ஆணி அடிக்கிற மாதிரிக் கேக்குது, பிள்ளை," என்றார் அப்பா சிங்கராசா. "சனம் என்ன சொல்லும்?"

ஆகவே மாப் பை ஒன்றில் கடற்கரை மணலை நிரப்பினாள். காய்ந்த மணல் தையலால் ஒழுகியது. அலை நனைத்த மணலை அள்ளித் திணித்தாள். சத்தமில்லை. சத்தமில்லாததால் தடுப்பாரும் இல்லை. உலை கொதிக்கும்போது குத்தினாள். செபமாலைக்கு ஆட்கள் வருமுன் குத்தினாள், போனபின்னும் குத்தினாள். ஈர மணல் படிந்து படிந்து கல்லாய் இறுகியதைக் கவனிக்கவில்லை. வலித்தபோது எலும்பு வளர்கிறது என்று சந்தோஷம் வேறு. ஒருநாள் காலையில் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க முடியவில்லை.

டொக்டர் நஸ்லியா எக்ஸ்றேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆரைக் குத்தினீங்கள்?"

"மணலை."

"மணல்தான் வெண்டிட்டுது, உங்கட கை எலும்பு வெடிச்சுப் போச்சு." சிரித்தவர், கிறேஸின் துக்கக் கறுப்புச் சட்டையைக் கண்டதும் நிறுத்தினார். "குத்தினா எலும்பு பலப்படும், பொய்யில்லை. குத்தேக்க கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். ஆறவிட்டாத்தான் அது ஒட்டி இறுகும். நீங்கள் எங்க ஆறவிட்டனீங்கள்?"

கிறேஸ் கேட்க வந்தது அதுவல்ல. "எங்கட அம்மா தொடை உடைஞ்சுதான் மோசம் போனவ. இப்பிடிக் குத்தினா எனக்கு உடையாதெல்லோ?"

"கையால குத்தினா கை எலும்புக்குத்தான். தொடைக்குப் போகாது."

கிறேஸ் கதிரையை விட்டு எழும்பியே விட்டாள். இத்தனை நாளும் குத்தியது வீணா?

"அப்ப தொடைக்கு?"

"அதில பாரம் விழவேணும். நடவுங்கோ, படி ஏறுங்கோ, குதியுங்கோ. எலும்புச் சோதனைக்கும் எழுதிவிடுறன்."

பிளாஸ்டர் போட்ட கையோடு வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வளவில் நின்று குதிக்கத் தொடங்கினாள். சிங்கராசா பதறிக்கொண்டு வந்தார்.

"விசரே உனக்கு? கொம்மான்ர முப்பத்தொண்டும் முடியேல்ல, துள்ளிக் குதிக்கிறாய்!"

"அம்மா மாதிரிக் கிடந்து சாகப் பயமா இருக்கப்பா."

மனைவியைப் புரட்டிப் படுக்கவைத்து, பீ மூத்திரம் அள்ளியவர் சிங்கராசா. வேலிக்கு மேலால் அயல்வீட்டுத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. அதையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"உள்ள போய்க் கதவைச் சாத்திப்போட்டுக் குதி."

பிறகு விறாந்தையில் குந்தி, நேரத்துக்கு வெகு முன்பாகவே செபமாலையைத் தொடங்கினார். உள்ளே நிலம் அதிரும்போதெல்லாம் அவர் குரல் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.