பென்சிலில் எழுதிய ஆயிரத்து இருநூற்று நாற்பது

போன வியாழக்கிழமை காலையில் எதிர்க்கடைத் தொலைபேசிக்கு என் கடைசி மகள் கௌரி கூப்பிட்டாள். சேலத்தில் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். "அம்மா, லூர்து அக்கா போயிட்டாங்க. எங்க ஆஸ்பத்திரியிலதான். நான் பக்கத்துலயேதான் இருந்தேன்" என்றாள். நான் ரிசீவரை வைத்ததும் கடைக்காரர், "ஏனுங்க, யாருங்க?" என்று கேட்டார். "எங்க ஊட்டுக்குக் கூரை போட்டவங்க" என்றேன். யாரோ கொத்தனார் என்று நினைத்துக்கொண்டு அவர் தலையை ஆட்டினார்.

இந்த ஊர்க்காரர்களான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏற்காடு கடைவீதியில், மாடிப்படி ஏறினால் முதல் அறையில் இரண்டு தட்டச்சு இயந்திரங்களோடு உட்கார்ந்திருந்தவர் நம் லூர்துமேரி அக்கா. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர்களும் லாட்ஜ் பையன்களும் மனு, விண்ணப்பம், வருமான வரிப் படிவம் என்று எதை எடுத்துக்கொண்டு போனாலும் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். இரண்டு ரூபாய் கூலி. அதை ஒருநாளும் விட்டுக்கொடுக்க மாட்டார். "சும்மா செஞ்சு குடுத்தா மறுபடி வரக் கூச்சப்படுவீங்க. ரெண்டு ரூபா குடுத்தா சண்டை போடவே வரலாம்" என்பார். நான் போய்ச் சண்டையும் போட்டேன்.

அப்போது எனக்கு மூன்று குழந்தைகள். மூத்தவனுக்கு ஐந்து வயது நிரம்பவில்லை. கௌரி கைக்குழந்தை. செம்மநத்தத்தில் எங்கள் வீட்டுக் கூரைத் தகரம் துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்டது. பனி இறங்கினாலே உள்ளே ஈரம். கௌரிக்கு நெஞ்சில் சளி கட்டி, ராத்திரியெல்லாம் இழுத்து இழுத்து மூச்சு விடுவாள். "மருந்து மட்டும் போதாதும்மா, காய்ஞ்ச எடத்துல படுக்க வைக்கணும்" என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். புதுத் தகரத்துக்கு ஆயிரத்து நூறு ரூபாய் கேட்டார்கள். நான் பால்வாடியில் வாங்கிய சம்பளம் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் சரியாகப் போனது.

என் வீட்டுக்காரர் பழனி அந்த வருஷம் வாடகை டிராக்டர் வைத்து ரோட்டு வேலைக்குக் கல் இறக்கினார். மூன்று பில். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வரி என்று பிடித்துக்கொண்டுதான் பணம் தந்தார்கள். டிராக்டர் வாடகை, டீசல், ஆள் கூலி எல்லாம் போக எங்களுக்கு நின்றது வரி கட்டும் அளவுக்கு வரவே வராது. பிடித்ததைத் திரும்பக் கேட்டு வாங்கலாம் என்று யாரோ சொல்ல, மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு அக்காவின் மாடி ஏறினேன். "மூணும் சின்னஞ்சிறுசுங்க அக்கா, அதுக்குன்னு ஏதாச்சும் சேத்திக் குடுப்பாங்களா?" என்று கேட்டேன். அக்கா படிவத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "பாரு கண்ணு, பசங்களுக்குன்னு இதுல ஒரு கட்டமும் இல்ல" என்றார். சொல்லிக்கொண்டே கௌரியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

எவ்வளவு வரும் என்ற மதிப்பை அவர் எப்போதும் ஒரு துண்டுத் தாளில், பென்சிலில்தான் எழுதிக் கொடுப்பார். "பேனாவுல எழுதுனா இன்னைக்கே செலவு பண்ணீருவீங்க" என்பார். எங்களுக்கு எழுதியது எழுநூற்று நாற்பது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று பில்லுக்கும் சேர்த்து ஆயிரத்து இருநூற்று நாற்பது வர வேண்டும் என்று வீட்டிலேயே விரல் மடக்கிக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வரி பிடித்ததற்கு ரோட்டு வேலை அலுவலகம் தரும் சீட்டு இரண்டுதான் எங்களிடம் இருந்தது. அந்தச் சீட்டை மனுவோடு வைக்காவிட்டால் பைசா வராது. "தாளு இல்லாத காசு காசே இல்ல கண்ணு" என்றார் அக்கா.

குறைந்த அந்த ஒரு சீட்டைக் கேட்டு இவர் சேலத்துக்குப் போனார். அலுவலகத்தில் ரெஜிஸ்டரைத் திறந்து இவருடைய கையெழுத்தையே காட்டினார்கள், சீட்டை எப்போதோ வாங்கியாகிவிட்டது என்று. வாங்கவே இல்லை என்று சத்தியம் செய்துவிட்டு வந்தார். நான் அக்காவிடம் போய், ஆயிரத்து இருநூற்று நாற்பது என்றே எழுதிக் கொடுங்கள், அதைக் காட்டினால் தகரக் கடையில் கடன் தருவார்கள் என்று மன்றாடினேன். முடியாது என்றார். "புள்ள மூச்சுக்குத் தவிக்குது. நீங்க பென்சிலச் சீவிட்டு இருக்கீங்க. படிச்சவங்க எல்லாரும் ஒண்ணுதானுங்க" என்று கத்திவிட்டு இறங்கி வந்தேன். இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

அந்த ஆயுத பூஜைக்கு டிராக்டருக்குப் பூசை போட்டோம். கோபத்தில் நான் அக்காவைக் கூப்பிடவில்லை, இவர்தான் போய்க் கூப்பிட்டிருந்தார். அக்கா பஸ் இறங்கி, சேறு மிதித்து, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சுண்டலை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சாமி படங்களைப் பார்த்துக் கையை அப்படியே நிறுத்தினார். முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில், சந்தனம் குங்குமம் வைத்து, சரம் சாத்திய ஒரு கண்ணாடிச் சட்டம். "ஏனுங்க பழனி, அது என்னங்க?" என்றார்.

"மொதப் பில்லு வாங்குனப்ப ஆபீசர் கை குலுக்கிக் குடுத்தாருங்க. நல்லா வேலை செஞ்சதுக்கு" என்றார் இவர் பெருமையாக. பச்சை மையில் கையெழுத்து, வட்ட முத்திரை, நடுவில் இவருடைய பெயர் தட்டச்சில். அரசாங்கம் இவர் பெயரை அச்சாக அடித்துக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அதனால் சேலத்தில் சட்டம் போட்டு வந்து மாட்டிவிட்டார். மற்ற இரண்டு சீட்டும் மங்கலான கார்பன் நகல் என்பதால் பிழைத்தன. தினமும் அதற்குக் கற்பூரம் காட்டியவள் நான். அதுதான் நாங்கள் தேடிய சீட்டு என்று நினைக்கவே தோன்றவில்லை.

அக்கா சிரித்த சிரிப்பில் கௌரி விழித்துக்கொண்டாள். ஆனால் சட்டத்தைக் கழற்றியதும் சிரிப்பு நின்றது. ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. இழுத்தால் கிழியும். "உலைத்தண்ணி வையி கண்ணு" என்றார். கொதிக்கும் பானைக்கு மேல் கண்ணாடியைப் பிடித்து, ஓரம் ஓரமாக, ஒரு மணி நேரம் நின்று உரித்தார். அவர் விரல்கள் சிவந்துவிட்டன. நான் பிடிக்கிறேன் என்றதற்கு, "நீ புள்ளயப் பிடி கண்ணு" என்றார். முத்திரையின் நிழல் மட்டும் கண்ணாடியில் தங்கியது. தாள் முழுசாக வந்தது.

பழைய துண்டுத் தாளை வாங்கி, எழுநூற்று நாற்பதை அழித்துவிட்டு, ஆயிரத்து இருநூற்று நாற்பது என்று எழுதினார். பென்சிலில்தான்.

மனுவோடு அவர் வைத்த கடிதத்தின் கடைசியில் யாரும் கேட்காத ஒரு வரி இருந்தது: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் மூவர், வீட்டின் கூரை ஒழுகுகிறது. "கட்டம் இல்லைன்னா என்ன, கடுதாசி இருக்குதல்ல" என்றார். தன் வேலையாகச் சேலம் போகும்போதெல்லாம் வரி அலுவலகத்திலும் நின்று கேட்டுவிட்டு வந்தார். பங்குனியில் பதிவுத் தபாலில் பணத்துக்கான வவுச்சர் வந்தது. கோடை மழைக்கு முன்னால் தகரம் ஏறியது. கௌரியின் இழுப்பு மெல்ல மெல்ல அடங்கியது.

சட்டம் வெறுமையாகிவிட்டதே என்று இவர் முகம் வாடியதையும் அக்கா கவனித்திருக்கிறார். அடுத்த வாரமே ஒரு நல்ல தாளில், 'செம்மநத்தம் சாலைக்குக் கல் இறக்கியவர் திரு. பழனி' என்று தமிழில் அடித்துக் கொண்டுவந்து, "இத எந்த ஆபீசுலயும் கேக்க மாட்டாங்க, தைரியமா மாட்டுங்க" என்று கொடுத்தார். இன்றும் அது சாமி படங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. அதன் பின்பக்கம் பென்சிலில் எழுதிய அந்தத் துண்டுத் தாளைச் செருகி வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு என்னை எங்கே பார்த்தாலும், சந்தையானாலும் பஸ் நிறுத்தமானாலும், அவர் முதலில் கேட்பது ஒன்றுதான். "ஊடு ஒழுகுதா கண்ணு?" மூன்று வாரம் முன்பு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் அதையே கேட்டார்.

வெள்ளிக்கிழமை அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது நல்ல மழை. வீட்டுக்கு வந்து, ஈரச் சேலையோடு நடுவீட்டில் உட்கார்ந்தேன். தகரத்தில் மழை அறைந்துகொண்டிருந்தது. கௌரி தூளியில் கிடந்த இடத்தில் தரையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"ஒழுகலீங்க அக்கா" என்றேன்.