பாதி பிளேடு பங்காளிகள்

தொம்மலூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே பச்சைமுத்துவின் சலூன் இருந்தது. ஒரு நாற்காலி, ஒரு பெஞ்சு, ரசம் போன ஒரு கண்ணாடி. 1962-ல் மெயின் ரோட்டில் மின்விசிறியும் ரேடியோவுமாகப் புது சலூன் ஒன்று திறந்ததும் அவர் பயந்துபோனார். பழைய சவரக்கத்தியைப் பெட்டியில் போட்டுவிட்டு, பிளேடு மாட்டுகிற கத்தி ஒன்றை வாங்கிவந்தார். பார்க்க அதே கத்திதான். ஆனால் தோல் வாரில் தீட்ட வேண்டாம். பிளேடைக் காகிதத்தோடு மடக்கினால் ‘டிக்’ என்று நீளவாக்கில் இரண்டாக உடையும். ஒரு பாதியைக் கத்தியில் செருக வேண்டும். மறுபாதி அடுத்த முகத்துக்கு.

அந்த அடுத்த முகத்தில்தான் வம்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆள் சீனிவாசராகவன். அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் அவருடைய பக்கத்து வீட்டு ஓஸ்வால்ட். சர்ச்சில் பூசைக்குப் போகும் முன் வருவார். ஓஸ்வால்டின் கோழிகள் சீனிவாசராகவனின் துளசியைக் கிளறிய நாளிலிருந்து, மூன்று வருஷமாக, இருவருக்கும் பேச்சு இல்லை. தெருவில் மற்றவர்கள் இவர்களைப் பார்த்துத்தான் எதையும் செய்வார்கள். இவர்கள் மெயின் ரோட்டுக்குப் போனால் தெருவே போய்விடும் என்று பச்சைமுத்துவுக்குத் தெரியும்.

“மறுபாதி யாருக்குப்பா?” என்று முதல் நாளே சீனிவாசராகவன் கேட்டார்.

“அடுத்தவருக்கு, சாமி.”

பெஞ்சில் இருந்த அடுத்தவர் பேப்பரை மடித்தார்.

சீனிவாசராகவன் பாதி முகச் சோப்போடு எழுந்துவிட்டார். “அந்தக் கோழிக்காரரும் நானும் ஒரே பிளேடா? பேடப்பா, பேடவே பேடா! வேண்டவே வேண்டாம்!”

“என்ன மேன் பச்சை, எனக்கு மட்டும் ஆசையா? அவர் மிச்சம் எனக்கு எதுக்கு?” என்றார் ஓஸ்வால்ட்.

பச்சைமுத்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஆளுக்கு ஒரு முழு பிளேடு. மறுபாதி அவரவர் தீப்பெட்டியில் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்கும். தீப்பெட்டிகளில் பெயர் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார். ஒன்றில் தமிழிலும் மற்றதில் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தேன். இரண்டுமே அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது. அவரே ஒன்றில் நாமமும் இன்னொன்றில் கோழியும் வரைந்துகொண்டார். ஓஸ்வால்ட் கோழியைப் பரிசுத்த ஆவியின் புறா என்று நினைத்து மிகவும் சந்தோஷப்பட்டார்.

ஒரே மாதத்தில் அலமாரியில் இருபது தீப்பெட்டிகள் சேர்ந்தன. எங்கள் அப்பாவுக்குக் குடைப் படம்.

ஜூலை மழை வந்தது. தீப்பெட்டிக்குள் பிளேடுகள் துருப்பிடித்தன. துரு பச்சைமுத்துவின் கண்ணுக்குத் தெரியவில்லை. சீனிவாசராகவனின் கன்னத்துக்குத் தெரிந்தது.

“ஆ!”

பெஞ்சிலிருந்து ஓஸ்வால்ட் வாய்விட்டுச் சிரித்தார். “சாமிக்கு ரோமம் கெட்டி” என்று பச்சைமுத்து சமாளித்தார். பத்து நிமிஷம் கழித்து ஓஸ்வால்டும் “ஆ!” என்றார்.

படிகாரக் கட்டியைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு நின்ற சீனிவாசராகவன் குடையை எடுத்தார். “நான் மெயின் ரோட்டுக்குப் போறேன்.”

“நானும் அங்கேதான் போறேன்” என்று ஓஸ்வால்ட் கதவைப் பார்த்துச் சொன்னார்.

அங்கே இரண்டு நாற்காலிகள், ஒட்டினாற்போல. அது இருவருக்கும் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அதற்குள் பச்சைமுத்து புதுப் பிளேடு ஒன்றை எடுத்துத் தூக்கிக் காட்டினார்.

“ரெண்டு பேரும் பாருங்க! கண்ணெதிரே உடைக்கிறேன். யாரோட மிச்சமும் யாருக்கும் இல்லை.” டிக்.

“அவரை முதல்ல எடுக்கச் சொல்லு” என்றார் சீனிவாசராகவன். “அவர் எடுத்த பாதி எனக்கு வேண்டாம்.”

“நீங்க கேட்டாலும் அது வராது, சாமி. மத்ததுதான் உங்களுக்கு.”

சீனிவாசராகவன் யோசித்துப் பார்த்தார். குறை எதுவும் அகப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்றோடு தீப்பெட்டிகள் போயின. ஆனால் ஒருவர் வராமல் மற்றவருக்குச் சவரம் இல்லை என்றாயிற்று. ஒரு ஞாயிறு ஏழரை மணியாகியும் ஓஸ்வால்டைக் காணோம்.

“நான் போய்ப் பார்க்கட்டுமா, சாமி?”

“கடையை யார் பார்க்கிறது?”

கழுத்துத் துண்டோடு சீனிவாசராகவனே போனார். காலைச் சுற்றிக் கோழிகள் மேய, ஓஸ்வால்டின் கேட்டருகே நின்று, நாலு வீடு தள்ளிக் கடையில் இருந்தவரைக் கூப்பிட்டார்.

“பச்சைமுத்து! எவ்வளவு நேரம் காத்திருக்கிறதுன்னு அவரைக் கேளு!”

உள்ளேயிருந்து ஓஸ்வால்டின் குரல் வந்தது. “பச்சை! பல் தேய்க்கிறேன், அஞ்சே நிமிஷம்னு சொல்லு, மேன்!”

“சரி!” என்று கடையிலிருந்து கத்தினார் பச்சைமுத்து, இருவருக்கும் பொதுவாக.