கை செய்ய வேண்டிய வேலை

ஷமீம் பானுவுக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். வலது மணிக்கட்டு ஒடிந்து, ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தும் கை மரக்கட்டையாக நின்றபோது அது உச்சிக்கு ஏறிவிட்டது. தென்காசியில் அவள் தெருவில் எந்தப் பெண் மவுத்தானாலும், அடக்கத்துக்கு முன் மையித்தைக் குளிப்பாட்ட இருபது வருஷமாக அவளைத்தான் கூப்பிடுவார்கள். கட்டுப் போட்ட நாளிலிருந்து வடகரையிலிருந்து வேறொருத்தி வருகிறாள். அந்தப் பேச்சை எடுத்தாலே ஷமீம் பானுவுக்கு வயிறு எரியும்.

பிசியோதெரபி என்றால் கரண்ட் வைப்பார்கள், சும்மா படுத்திருந்தால் போதும் என்று மருமகள் முஹ்ஸினா சொன்னதால்தான் ஷமீம் பானு போனாள். அங்கே ஜெயபிரியா என்ற சின்னப் பெண் கால்மணி நேரம் கேள்வியாய்க் கேட்டாள். கை எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து எழுதினாள். கடைசியில் ஈரத் துண்டு ஒன்றைக் கொடுத்துப் பிழியச் சொன்னாள். வீட்டிலும் தினம் மூன்று வேளை பிழிய வேண்டுமாம். வலிக்குமாம். வலி மறுநாள் வரை நின்றாலோ, வீங்கினாலோ உடனே சொல்ல வேண்டுமாம். துணி துவைக்கவா ஆட்டோ பிடித்து வந்தேன் என்று ஷமீம் பானு அவளைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள்.

ஜெயபிரியா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "இந்தக் கை ஒங்களுக்கு என்ன வேலை செய்யணும்மா?"

ஷமீம் பானு மையித்துக் குளிப்பாட்டும் வேலையைச் சொன்னாள். மறுநாள் மேசைமேல் வாளியும் செம்பும் இருந்தன. மொண்டு, தூக்கி, மெல்லச் சரித்து ஊற்ற வேண்டும். ஷமீம் பானு திட்டிக்கொண்டே ஊற்றினாள். வீட்டிலும் ஊற்றி முற்றத்தைச் சேறாக்கினாள்.

பயிற்சி தொடங்கிய ஐந்தாம் வாரம் எதிர்வீட்டு ஹுஸ்னா மவுத்தானாள். வடகரைக்காரிக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, உங்களுக்குச் சிரமம் வேண்டாமே என்று அந்த வீட்டார் சொன்னார்கள். பாவம் பார்க்கிறார்களாம்! ஷமீம் பானு யாரையும் கேட்காமல் உள்ளே போய்ச் செம்பைப் பிடுங்கிக்கொண்டாள். தண்ணீர் ஒழுங்காக விழுந்தது. ஆனால் உடலைப் பக்கவாட்டில் திருப்பும்போது மணிக்கட்டு துவண்டுவிட்டது. வடகரைக்காரிதான் தாங்கிப் பிடித்தாள். நாற்பது வருஷம் பழகியவளைத் திருப்பக்கூட ஆகவில்லையே என்று ஷமீம் பானுவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

மறுநாள் காலை செருப்பை உதறிவிட்டு ஜெயபிரியாவின் அறைக்குள் நுழைந்தாள்.

"தண்ணி ஊத்தப் படிச்சுக் குடுத்த. ஆளைப் பெரட்ட யாரு படிச்சுக் குடுப்பா? ஏட்டி, அந்தக் கட்டில்ல ஏறிப் படு."

ஜெயபிரியா ஏறிப் படுத்து, கைகளை உடலோடு ஒட்டி வைத்து, மையித்தைப் போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ணத் தொற, ஏட்டி," என்று சீறினாள் ஷமீம் பானு. "நீ நல்லா இருக்கணும்."