கேஸ் சூளைக்கு நான் சொன்ன சாட்சி

சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் நான் ரயிலேறியபோது, ஜன்னலோர இடத்தில் கட்டம் போட்ட கைக்குட்டை ஒன்று விரித்திருந்தது. மாலூர் ஓட்டுக் கம்பெனியில் எங்கள் சூப்பர்வைசர் எனக்காகப் பிடித்து வைத்த இடம். ஏழாவதோடு பள்ளியை விட்டு ஊர் ஊராக வேலை பார்த்தவன் நான். அதுவரை எந்த மேலாளும் எனக்கு இடம் போட்டதில்லை.

குஜராத்தில் நான் வேலை செய்த கேஸ் சூளையைப் பற்றி வழியெல்லாம் விசாரித்தார். எங்கள் கம்பெனிக்கும் அது வரவிருந்தது. வந்தால் பிழைப்பு போய்விடுமென்று விறகுச் சூளைக்காரர்கள் எட்டுப் பேரும் வேலைநிறுத்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். “நான் சொன்னா மொதலாளி ஆளும்பாங்க. நீ கண்ணால பாத்தவன், நீ சொல்லு” என்றார். யாரையும் அனுப்பமாட்டோம் என்று கையடித்தும் கொடுத்தார்.

அதே ரயிலில் வரும் சூளைக்காரர்களிடம் பல நாள் சொன்னேன். புகை இராது, அங்கே ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை, ஓடு தரம் பிரிக்கப் போட்டார்கள் என்று. எல்லாம் உண்மை. எட்டுப் பேரில் மூத்தவர், பாலகாட் சுரங்க லைனில் குடியிருந்ததால் பாலகாட் அண்ணன் என்போம்; அவர் மட்டும் லேசில் மசியவில்லை.

“உனுக்கு இன்னா, இன்னிக்கி இங்க, நாளைக்கி எங்கியோ. எனுக்கு ரெண்டு பொண்ணு கீது. நம்பலாமா?”

“நம்புண்ணே” என்றேன். அவர் சம்மதக் கையெழுத்துப் போட்டதும் மற்றவர்களும் போட்டார்கள்.

புதுச் சூளை நன்றாகவே எரிந்தது. ஓடு அடுக்கும் கொட்டகையில் நின்ற எனக்கே இருமல் குறைந்தது. அந்த மாதம் முடியுமுன் எட்டுப் பேரையும் நிறுத்திவிட்டார்கள். சூளைக்கு ஆர்டர் கொடுத்த அன்றே சூப்பர்வைசர் அந்தப் பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டதாக ஆபீஸில் சொன்னார்கள். எனக்கு இடம் போட்டது அதற்குப் பிறகு. போய்க் கேட்டேன். தலை நிமிராமல், “உன் பேரு அதுல இல்லியே, அப்புறம் இன்னா?” என்றார். அன்றே கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைத்தெருவில் பாலகாட் அண்ணன் எதிரே வந்தார். திட்டுவாரென்று நின்றேன்.

“சூளை எப்டி எரியுது?”

“நல்லா எரியுதுண்ணே.”

“பொக?”

“இல்லண்ணே.”

“அதுலயாவது பொய் சொல்லல நீ” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இப்போது ஓசூரில் ஒரு பட்டறையில் இருக்கிறேன். இங்கும் ஏதோ புது மெஷின் வருகிறதாம், கரண்ட் பாதிதான் ஆகுமாம். வேறு ஊரில் பார்த்திருக்கிறாயா என்று கூட இருப்பவர்கள் கேட்கிறார்கள். பார்த்திருக்கிறேன். நல்ல மெஷின்தான். தெரியாது என்று சொல்லிவிடுகிறேன்.