தோணிக் குங்கிலியம்

செய்யாத பிழையை உம்மா அன்று ஏன் தன் தலையில் போட்டுக்கொண்டார்? இன்றுவரை எனக்கு விடை தெரியாது.

அப்போது எனக்கு ஏழு வயது. கற்பிட்டியில் இருந்தோம். தம்பி பிறந்து நாற்பதாம் நாள், குளிப்பாட்டிய பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை காட்ட வாப்பாவின் ராத்தா, என் மாமி, வந்திருந்தார். அலுமாரியிலிருந்து சாம்பிராணியை எடுத்துத் தணலில் போடுவது என் வேலை. சாம்பிராணி இருந்த தகரப் பேணியோ வெறுமை. அதற்கு முந்தின வாரம் பொம்மைக் கல்யாணம் நடத்தி, அவ்வளவையும் நானே புகைத்துத் தீர்த்திருந்தேன்.

வாப்பா தோணி பழுது பார்ப்பவர். பலகை இடுக்குகளை அடைக்க எண்ணெயில் காய்ச்சும் குங்கிலியம் பின்பக்கம் சாக்கோடு கிடந்தது. இதுவும் மரப்பிசின்தானே என்று ஒரு கை அள்ளிப் போட்டேன்.

அறை இருண்டது. தம்பி வீறிட்டான், பிறகு அழுகை நின்று இருமல் மட்டும் வந்தது. மாமி அவனைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். சற்று நேரத்தில் தம்பி அடங்கினான். மாமி அடங்கவில்லை.

“ஆரு இதப் போட்ட? புள்ள என்ன ஓட்டைத் தோணியா?”

உம்மா என்னைப் பார்த்தார். “நான்தான் மதினி. மாறிப் போச்சு.”

“ரெண்டு புள்ள பெத்தும் நீ மடச் சாம்பிராணிதான்டி!”

தப்பித்த சந்தோஷத்தில் நான் அன்று வட்டிலப்பம் இரண்டு துண்டு தின்றேன்.

அதன்பின் குடும்பத்தில் எத்தனையோ பிள்ளைகள் பிறந்தன. எந்த வீட்டிலும் சாம்பிராணிச் சட்டி உம்மாவின் கைக்குப் போகவில்லை. “நீ பேசாம இரி, தோணிக்காரி” என்பார் மாமி. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

இப்போது எனக்கு முப்பது நாள் மகள். புகை வேண்டாம் என்கிறார் மருத்துவமாது; வேண்டும் என்கிறார் மாமி. முடிவெடுக்கப் பயந்து சாம்பிராணியின் பூர்வீகம் தேடினேன். அரபு வணிகர் இந்தப் பிசினை ‘லுபான் ஜாவி’, ஜாவாப் பக்கத்து நறுமணப் பிசின், என்றார்களாம். புத்தி மந்தமானவரை நாம் ஏன் சாம்பிராணி என்கிறோம் என்பது மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில், பிள்ளையை வெளியே வைத்துவிட்டு வெறும் அறைக்கு மட்டும் புகை காட்டுவதென்று தீர்மானித்தேன்.

சட்டியை உம்மாவே பிடிக்கட்டும் என்றேன். “எனக்கு வேணாம் புள்ள. மதினி பிடிக்கட்டும்” என்று பிள்ளையின் துணிகளை மடிக்கத் தொடங்கிவிட்டார்.

உம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தை அன்றோடு முடிந்துவிட்டது என்றுதான் அந்த ஏழு வயதில் நினைத்தேன்.

நாற்பதாம் நாளுக்கு மாமி வருகிறார். எல்லோர் முன்னும் உண்மையைச் சொல்லட்டுமா? சொன்னால், உம்மா எனக்காக இத்தனை வருடம் காத்ததை நானே உடைத்ததாக ஆகுமா? பிள்ளை பெற்றவர்கள் யாராவது எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.