ஒரு பொட்டு வெக்க எத்தினி தபா

அம்மாவின் மை டப்பா தகரத்தால் ஆனது. மூடியைத் திறந்தால் கீச்சென்று கத்தும். பொங்கலன்று அந்தச் சத்தம் கேட்டதும் தங்கை ஓடிப்போய்க் கன்னத்தைக் காட்டுவாள். அவளுக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டு அம்மா டப்பாவை மூடிவிடுவாள். மூத்தவளான எனக்கு வைக்கமாட்டாள். வளர வளர என் தாடை இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் வாயைத் திறந்தாலே, ‘கோணவாயன் கொட்டாவி விட்டாப்ல’ என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வரும். இந்த மூஞ்சியில் யார் கண்ணு வைக்கப்போகிறார்கள் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். நான் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகுதான் தாடையைச் சரிசெய்யப் பல் மருத்துவமனைக்குப் போகும் துணிச்சல் வந்தது. காசிமேட்டில் மீன் விற்கிற அம்மாவும் வியாபாரத்தை விட்டுவிட்டுக் கூடவே வந்தாள். அங்கே என்னைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும், அவ்வளவுதான். ஸ்கேன் எடுத்ததும் என் மண்டையோடு திரையில் எல்லாப் பக்கமும் சுழன்றது. முகத்தைவிட மண்டையோடு லட்சணமாக இருக்கிறதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அதன்மேல் அவர் சிவப்புப் புள்ளிகள் வைத்தார். மூக்கு தொடங்கும் இடம், மோவாய் நுனி, காதுக்குக் கீழே தாடை திரும்பும் இடம். புள்ளிக்குப் புள்ளி அளந்துதான் எந்தப் பக்கம் எவ்வளவு எலும்பை வெட்டுவது என்று முடிவாகும். “இன்னா டாக்டரம்மா, எலும்புக்கும் திஸ்டிப் பொட்டா?” என்றாள் அம்மா.

அடுத்த வாரம், சரிபார்ப்பதற்காகப் பழைய புள்ளிகளைப் பார்க்காமல் அவர் மறுபடியும் வைத்தார். மூக்குப் புள்ளி பழைய இடத்திலேயே விழுந்தது. இடது தாடைப் புள்ளி விலகிப் போயிருந்தது. இன்னொரு டாக்டரை வைக்கச் சொன்னார். அது மூன்றாவதாக ஓர் இடத்தில் விழுந்தது. ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கோபம்.

“ஒரு பொட்டு வெக்க எத்தினி தபா? எங்க பொயப்பு கெடுதும்மா.”

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. தன் தாடையையே விரலால் தடவிக்கொண்டு சொன்னார்: “அந்த இடத்துல மூலையே இல்லம்மா, வளைவுதான் இருக்கு. என் கையே ரெண்டு தடவை ரெண்டு இடத்துல வைக்குது. அதை நம்பி உங்க பொண்ணு எலும்பை வெட்டச் சொல்ல எனக்கு மனசு வரலை.”

அதுவரை என் தாடையைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டவர் யாருமில்லை. இரண்டு டாக்டர்களும் படத்தை மூன்று பக்கமும் திருப்பிப் பார்த்து, வளைவில் எதை மூலை என்று கொள்வது என முதலில் பேசி முடிவு செய்தார்கள். பிறகு தனித்தனியாக வைத்தார்கள். இந்தமுறை புள்ளிகள் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. அதன்பிறகே கத்தி வந்தது.

டாக்டரம்மா இப்போது வேறு ஊரில் இருக்கிறார். என் வீக்கமெல்லாம் வற்றிவிட்டது. இந்தப் பொங்கலன்று மூடி கீச்சென்றது. தங்கையோடு நிறுத்தாமல் அம்மா என்னையும் கூப்பிட்டாள். கன்னத்தில் பொட்டு வைத்தாள். எட்ட நின்று பார்த்தாள். முந்தானையால் துடைத்துவிட்டுச் சற்றுக் கீழே வைத்தாள். அதையும் துடைத்தாள்.

“இன்னாம்மா, ஒரு பொட்டு வெக்க எத்தினி தபா?” என்றேன்.

“ஆடாத நில்லுடி. ஊரு கண்ணெல்லாம் உம்மேலதான் கீது.”