கடலுக்கடியில் கப்பல், புறவாசலில் நான்

அந்தக் கப்பல் கிடைத்த செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. உலகப் போரில் காணாமல் போன நீர்மூழ்கிக் கப்பல். எந்த நாட்டுக்காரனுடையது, எந்தக் கடல் என்று என் வீட்டுக்காரர் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார், என் மண்டையில் நிற்கவில்லை. மேலே மிதக்கிற கப்பலில் இருந்து தண்ணீருக்குள் சத்தத்தை அனுப்பி, அது எதில் பட்டுத் திரும்பி வருகிறது என்று பார்த்தே கண்டுபிடித்தார்களாம். பால்காரரைக்கூட வாசலில் நிறுத்தி வைத்து இதைச் சொன்னார். சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் மாறிப் போக வேண்டும். அந்த மனிதருக்குக் கடல் மேல் இப்படி ஒரு கிறுக்கு.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றில் கையை வைத்தபடியே கேட்டார்.

"உள்ள இருந்தவங்க தட்டியிருப்பாங்கள்லா? மேல இருந்தவன் ஒருத்தனுக்கும் கேட்டிருக்காது."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கோ எரிச்சலாக வந்தது. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றவா என்று அவர் பக்கத்தில் நின்று நான் கேட்டுக்கொண்டே இருந்தது அவர் காதில் விழவே இல்லை.

அவருக்குக் காது மந்தம். வாலிபத்திலிருந்து விசைத்தறி ஓட்டியவர். தறிக் கூடத்துக்குள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. அந்த வித்தையை வைத்தே ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தார். முகத்துக்கு நேரே பேசினால் டாணென்று பதில் வரும். முதுகுக்குப் பின்னால் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டார். திருநெல்வேலிக்குப் போய்க் காதைக் காட்டிவிட்டு வருவோம் என்று நான் கெஞ்சாத நாளில்லை. "எனக்குக் காது நல்லாத்தான் கேக்கு. நீதான் வாய்க்குள்ளயே பேசுத" என்பார். என்னையா? நான் பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரே ஹாலில் மூன்று வகுப்பையும் உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த தொண்டை இது.

அன்றைக்குக் காலையில் குக்கரில் பருப்பை வைத்துவிட்டு, விசில் வருவதற்குள் குளித்துவிடலாம் என்று போனேன். எங்கள் குளியலறை புறவாசலில் தனியாக நிற்கிறது, தகரக் கதவு. எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் இரும்பைச் சும்மா விடாது. குளித்துச் சேலையைச் சுற்றிக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தால் பிடி மட்டும் கையோடு வந்துவிட்டது. கம்பி அதன் துளையிலேயே இறுகிக்கொண்டது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிடியைத் திரும்பச் செருகிப் பார்த்தேன், நகத்தால் நெம்பிப் பார்த்தேன், நகம் போனதுதான் மிச்சம். வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி ஜன்னலைப் பார்த்தேன். கம்பி போட்ட ஜன்னல், என் தலைகூட நுழையாது. கதவைத் தட்டினேன், பிறகு செம்பால் அடித்தேன். ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி ஓடுகிறது. அந்த இரைச்சலில் ஒரு தகரக் கதவு அடிபடுவதை யார் பிரித்துக் கேட்பார்கள்? முன்னறையில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அதே கப்பல்தான். அதன் கதவுகள் இன்னும் மூடியபடியே இருக்கின்றன என்று ஒருவன் உருக்கமாகச் சொல்வது எனக்கு அங்கே வரைக்கும் கேட்டது.

அப்புறம் குக்கர் விசில் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எழுந்து போய் அடுப்பை அணைப்பார் என்று காத்திருந்தேன். ஒரு கட்டத்தில் விசில் நின்று போய், பருப்புக் கருகுகிற வாடை வந்தது. குக்கர் வெடித்தால் அவர் என்ன ஆவார், நான் என்ன ஆவேன் என்று நினைத்ததும் மறுபடி செம்பை எடுத்துக் கதவில் அடித்தேன். வெயில் ஏறித் தகரம் சுட ஆரம்பித்தது. மூச்சு முட்டியது. நான் அவ்வளவு சீக்கிரம் பயப்படுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் பயந்துபோய் அழுதேன். அந்தக் கப்பலில் இருந்தவர்களை அப்போதுதான் நான் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன், பாவம்.

அந்த நேரம் கரண்ட் போனது. எங்கள் ஊரில் அது சொல்லாமல் போகும், சொல்லாமல் வரும். தெருவில் அத்தனை தறியும் நின்றது, டிவியும் நின்றது. வேப்பமரத்துக் காக்கா கத்துவது கேட்டது. நான் "ஏங்க, ஏங்க" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத அவர் பேரைச் சொல்லிக் கத்தினேன். வெட்கமாவது, மண்ணாவது. திரும்பத் திரும்பக் கத்தினேன்.

வந்தது பக்கத்து வீட்டுப் பெண். தறியை விட்டுவிட்டு அப்படியே ஓடி வந்திருக்கிறாள். என் வீட்டுக்காரர் இருண்டு கிடந்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாராம். இவளைப் பார்த்ததும் "கரண்ட் போயிட்டும்மா" என்றாராம். அவள் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துப் புறவாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். கடப்பாறையால் கதவை நெம்பியது அவர்தான். கதவு விழுந்ததும் நான் வெளியே வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன்.

உள்ளே கிடந்தபோது அவருக்காக ஒரு பேச்சைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். கடலுக்கடியில் செத்தவன் தட்டியதெல்லாம் உங்களுக்குக் கேட்கிறது, கட்டின பொண்டாட்டி தட்டினால் கேட்காதா என்று நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்க இருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

"கரண்ட் போன பெறவுமா கூப்பிட்ட?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

"பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாவ, அண்ணாச்சி. தெருவுக்கே கேட்டுச்சு" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். கேலியாகச் சொல்ல ஆரம்பித்தவள், பாதியிலேயே குரலை இறக்கிக்கொண்டாள்.

அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீழே கிடந்த தாழ்ப்பாள் பிடியை எடுத்துத் துருவைத் தேய்த்தார்.

"அப்போ மேல இருந்தவன் நாந்தான்" என்றார்.

கரண்ட் வந்தது. தெரு முழுக்கத் தறி ஓட ஆரம்பித்தது, டிவியும் மறுபடி கப்பலைப் பிடித்துக்கொண்டது. அவர் உள்ளே போய் அதை நிறுத்தினார், நானும் பின்னாலேயே போனேன். எனக்கு முதுகைக் காட்டியபடியே, "வேற சேலை கட்டு. திருநெல்வேலிக்குப் போவோம்" என்றார்.

"சரி" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்ன சொன்ன? கேக்கல" என்றார்.